சிரிப்புக்கு அடிச்ச ஆணி

நம்ம வயசு ஆளுங்க நாலு பேர் ஒண்ணா உக்காந்தா, பேச்சு எங்க சுத்துனாலும் கடைசியில தூக்கத்துலதான் வந்து நிக்குது. ஒருத்தருக்கு நடுச்சாமத்துலயே முழிப்புத் தட்டிருது. ஒருத்தருக்கு மாத்திரை போட்டாத்தான் கண்ணு மூடுது. உடனே யாராவது ஆரம்பிச்சிருவீங்க. "அந்தக் காலத்துல பாயை விரிச்சமா, படுத்தமா, விடிஞ்சது தெரியாமத் தூங்குனமா, அந்தத் தூக்கம் இப்ப யாருக்கு வருது?" நான் வெத்தலையை மென்னுக்கிட்டு உக்காந்துருவேன். அந்தக் காலத்துத் தூக்கம் எங்க வீட்டுல ஒருத்தியை என்ன பாடு படுத்துச்சுன்னு எனக்குத் தெரியும். தூக்கமா படுத்துச்சு? மனுசங்கதான் படுத்துனாங்க. இன்னைக்கு அதைச் சொல்லிர்றேன். கேட்டுட்டு அப்புறமா அந்தக் காலத்தைப் பத்திப் பேசுங்க.

எங்க வீட்டுல நாங்க நாலே பேர். அய்யா, ஆத்தா, அக்கா, நான். புதுக்கோட்டைக்குத் தெக்க செம்மண் காடு. மழை பெஞ்சா வரகும் கடலையும், ஊருணிக்குக் கீழ கொஞ்சம் நெல்லு. அப்ப ராசா காலம். எங்கயோ சண்டை நடக்குதுன்னாங்க, அதனால சீமெண்ணெய் கிடைக்காதுன்னாங்க. எங்களுக்குத் தெரிஞ்ச சண்டை அந்தச் சீமெண்ணெய்தான். எனக்கு எட்டு ஒம்போது வயசு இருக்கும். அக்காவுக்குப் பதினஞ்சு பதினாறு. அய்யா கூடப் பொறந்த அத்தை கடலோரத்துல மணமேல்குடிப் பக்கம் வாக்கப்பட்டிருந்தாங்க. அந்த அத்தை மகனுக்குத்தான் அக்கான்னு பேச்சு. வைகாசியில கல்யாணம்னு முடிவு பண்ணியிருந்தாங்க.

அக்கா தூங்குவா. எல்லாரும் தூங்குற நேரத்துல இல்லை, பட்டப்பகல்ல. ஊருணியில குடத்தை அமுக்கிக்கிட்டு இருக்கும்போதே கண்ணு செருகிரும். கஞ்சிக்கு உப்புப் போடச் சொன்னா ஒரு கை போடுவா. கண்ணு தெறந்துதான் இருக்கும். இன்னொரு கை போடுவா, திரும்பவும் போடுவா. "ஏண்டி, கடலையா விதைக்கிறே?"ன்னு ஆத்தா கத்துறப்பதான் திடுக்குன்னு முழிச்சுப் பாப்பா. தான் போட்டது அவளுக்கே தெரியாது. அந்தக் கஞ்சியை அவதான் குடிச்சு முடிக்கணும்னு அய்யா சொல்லிருவாரு. மொணங்காமக் குடிப்பா.

சோம்பேறின்னு பேரு வச்சாங்க. சோம்பேறியா அவ? எங்க வீட்டு வேலையில பாதிக்கு மேல அவ கையிலதான் நடந்துச்சு. ஆனா தூங்குறவளுக்கு யாரு கணக்கு வைப்பா? "கல்யாணமாகிப் போற எடத்துல அடுப்புக்குள்ள தலையை விட்டுத் தூங்கு, ஒங்க மாமியா மெச்சுவா"ன்னு ஆத்தா பேசும். ஆத்தாவுக்கு வாயில நல்ல வார்த்தை வந்ததே கெடையாது. மனசுல இருந்துச்சான்னு அது போன பெறகு யோசிச்சு என்ன ஆகப் போகுது.

ஒரு நாள் ரெண்டு பேரும் வரகு குத்துறோம். அவ உலக்கை போடணும், ஓரத்துல ஒதுங்குற வரகை நான் கையால உரலுக்குள்ள தள்ளிவிடணும். உலக்கை மேல போறப்ப என் கை உள்ள, எறங்குறப்ப வெளிய. திடீர்னு உலக்கை மேலயே நின்னுருச்சு. நிமிந்து பாத்தா அக்கா எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கா. "ஏய், தண்ணி வருது, பாவாடையைத் தூக்கிப் பிடிடி"ன்னா. நான் பயந்து போயி கையை இழுத்துக்கிட்டேன். உலக்கை சரிஞ்சு வாசல்ல விழுந்துச்சு.

"என்னக்கா தண்ணி? எங்க தண்ணி?"

"கடலுடி. கால் வரைக்கும் வந்துச்சு."

அவ அன்னைக்கு வரைக்கும் கடலைப் பாத்ததே இல்லை. "தூங்கிட்டியா?"ன்னு கேட்டேன். "இல்லைடி, முழிச்சுத்தான் இருந்தேன். நீ வரகு தள்ளுறது தெரிஞ்சுச்சு. ஆனா கடலும் இருந்துச்சு"ன்னா. எனக்கு அது பெரிய அதிசயமா இருந்துச்சு. நமக்கெல்லாம் கனவு காணணும்னா தூங்கணும், இவளுக்கு உலக்கையைப் பிடிச்சுக்கிட்டே கனவு வருதேன்னு பொறாமை கூடப் பட்டேன்.

எல்லாக் கனவும் கடல் இல்லை. மத்தியானம் கண்ணு செருகுறப்ப சில நாளு கறுப்பா ஒரு ஆளு வாசப்படியில வந்து நிக்கிறதாச் சொல்லுவா. வந்து நெஞ்சு மேல உக்காருவானாம். இவளுக்குக் கையைக் காலை அசைக்க முடியாது, கத்த வாயி வராது. அப்புறம் தானா வெலகிரும். அதை ஏங்கிட்ட மட்டும் சொல்லிக்கிட்டிருந்தா. ஒரு நாள் ஆத்தாகிட்டயும் சொன்னா, பாவம். தாய்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்லுவா?

தூக்கத்தை விடப் பெரிய கஷ்டம் அவ சிரிப்புல இருந்துச்சு. வயிறு குலுங்கச் சிரிச்சான்னா மொதல்ல தாடை தொங்கும், தலை ஆடும், அப்புறம் முட்டி ரெண்டும் விட்டுப்போயி கொடியில இருந்து சேலை நழுவுற மாதிரி அப்படியே கீழ விழுந்துருவா. கண்ணு பாதி மூடியிருக்கும். பாக்குறவங்களுக்கு மயக்கம்னு தோணும். ஆனா அவ மயங்கலை. "எல்லாம் கேக்குதுடி. நீ என்னைய உலுக்குறது, ஆத்தா திட்டுறது, எல்லாம். ஒடம்புதான் ஏஞ்சொல்லைக் கேக்க மாட்டேங்குது"ன்னு ஏங்கிட்டச் சொல்லியிருக்கா. பத்து எண்ணுறதுக்குள்ள எந்திரிச்சு மண்ணைத் தட்டிக்கிட்டுப் போயிருவா.

அதுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தோம். சிரிப்பு வரப் போகுதுன்னு அவளுக்குக் கொஞ்சம் முன்னாடியே தெரியும். கடலை ஒடைக்கப் போன எடத்துல பொம்பளைங்க எதையாவது அசிங்கமாப் பேசிக்கிட்டு இருப்பாங்க, இவ சட்டுன்னு தலையைத் தூக்கி, "தங்கச்சி எங்க?"ம்பா. நான் எங்க வெளையாடிக்கிட்டிருந்தாலும் ஓடிப் போயி அவ முதுகோட முதுகு ஒட்டி உக்காந்துக்கிருவேன். அவ சிரிச்சு என் மேல சாஞ்சுக்கிருவா. வெளிய பாத்தா அக்கா தங்கச்சி கொஞ்சிக்கிறாங்கன்னு இருக்கும். ஒரு ஈ காக்காவுக்கும் தெரியாது.

தை அறுப்பு முடிஞ்சு வைக்கப்போர் போட்டதும் எங்களுக்குக் கொண்டாட்டம். போருக்குப் பின்னால யாரும் வர மாட்டாங்க. நான் எங்கய்யா தும்முறதை நடிச்சுக் காட்டுவேன். அய்யா லேசுல தும்ம மாட்டாரு. தூணைப் பிடிப்பாரு, வானத்தைப் பாப்பாரு, வாயைப் பொளப்பாரு, ஊரே காத்துக்கிட்டு இருக்கும். கடைசியில தும்மல் வராது. வராததுக்கு ஆத்தாவைத் திட்டுவாரு. நான் வாயைப் பொளக்கும்போதே அக்காவுக்குத் தாங்காது. "தங்கச்சி எங்க, தங்கச்சி எங்க"ன்னு எதுத்தாப்புல நிக்கிற என்னையவே கூப்புடுவா. நான் பின்னால ஓடி இடுப்பைக் கட்டிக்கிருவேன். ரெண்டு பேரும் வைக்கல்ல பொத்துன்னு விழுவோம். அந்தப் புது வைக்கல் வாசம் இப்பவும் எனக்கு மூக்குல இருக்கு. அவ அசையாம என் மேல கெடப்பா, கண்ணுல மட்டும் சிரிப்பு வழியும். என் ஆயுசுல நான் பாத்த நல்ல சிரிப்பு அதுதான்.

மாசியில அத்தையும் அத்தானும் வந்தாங்க. ஓலைக் கொட்டான் நெறையக் கருவாடு கொண்டாந்தாங்க, வீடே மணத்துச்சு. அத்தான் நல்ல பேச்சுக்காரரு. கணக்குப்பிள்ளை அவுத்து வச்ச தலைப்பாகையை ஆடு தின்ன கதையை ஆடு மாதிரியே மென்னு காட்டிச் சொன்னாரு. அக்கா அப்பத்தான் மோர்ச் செம்போட வாரா. நான் வாசல்ல கோழி வெரட்டிக்கிட்டு இருந்தேன். "தங்கச்சி எங்க?"ன்னு அவ சத்தம் கேட்டு ஓடுறேன், அதுக்குள்ள விழுந்துட்டா. செம்பு உருண்டு போயி அத்தை காலடியில நின்னுச்சு.

அத்தை மோரைத் தொடைக்கக் கூட இல்லை. "என்னண்ணே இது? காக்கா வலிப்பா?"ன்னாங்க.

"ச்சே ச்சே. வெயிலு. காலையில இருந்து சாப்பிடலை."

"அண்ணே, நமக்குள்ள மறைக்கப்படாது. காத்துக் கருப்புன்னாச் சொல்லு, ஓட்டிக்கிரலாம், நாளைக்குச் சரியாப் போகும். ஒடம்புல நோயின்னா நான் என் மகனை விட முடியாது. பெறக்குற பிள்ளைக்கும் வரும்ல?"

அக்கா தரையில கெடந்து அம்புட்டையும் கேட்டுக்கிட்டு இருந்தா. அத்தான் மட்டும் எந்திரிச்சு அவங்க ஆத்தாகிட்ட, "அட விடு ஆத்தா, சிரிச்சதுல வழுக்கிருச்சு"ன்னாரு. ஆம்பளைப் பிள்ளை பேச்சை அந்த எடத்துல யாரு எடுத்தா?

எங்க அய்யா முன்னால ரெண்டு வழி இருந்துச்சு. நோயின்னாக் கல்யாணம் நின்னுரும். பேயின்னாக் கல்யாணம் நடக்கும். மகளுக்கு என்னன்னு அவரு பாக்கலை. எது கட்டுபடியாகும்னு பாத்தாரு. அந்த நேரம் பாத்துத்தான் ஆத்தா, அக்கா சொன்ன கனவை எடுத்து வெளிய விட்டுச்சு. "கறுப்பா ஒரு ஆளு வாரான்னாளே, நெஞ்சுல உக்கார்றான்னாளே, அது நம்ம புளியமரத்து முனியேதான்." அய்யாவுக்கு உசுரு வந்துருச்சு. அத்தையும் நிம்மதியாச் சோறு தின்னுட்டு ஊருக்குப் போனாங்க.

எங்க பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆவூர்க்காரரு, வேதக்காரரு, மாதா கோயிலுக்குப் போறவரு. அக்கா ஊருணிப் படியில தூங்கி வழியிறதை அவரு ரெண்டு மூணு தடவை பாத்திருக்காரு. வீட்டுக்கே வந்து அய்யாகிட்டச் சொன்னாரு. "இது பேயி இல்லைங்க. ஏதோ ஒடம்புக் கோளாறு. புதுக்கோட்டையில பெரியாஸ்பத்திரி இருக்கு, ஒரு தடவை காட்டிட்டு வாங்க. வேணும்னா நான் கூட வாரேன்."

"சரிங்க வாத்தியாரய்யா, பாக்குறேங்க"ன்னாரு அய்யா. அவரு தெருவைத் தாண்டுனதும், "ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுனா ஊரு பூரா நோயின்னு பறையடிச்ச மாதிரில்ல"ன்னு துப்புனாரு. அந்தக் காலத்து ஆஸ்பத்திரியிலயும் என்னத்தைக் கிழிச்சிருப்பாங்களோ, எனக்குத் தெரியாது. ஆனா அங்க ஆணி அடிச்சிருக்க மாட்டாங்க.

மேற்க இருந்து கோடாங்கி வந்தான். பேய் ஓட்டுறவன். உடுக்கை, வேப்பங்குழை, சாம்பிராணி, ஒரு சின்ன டிரங்குப் பெட்டி. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குச் சடங்கு. அதுக்கு முந்தி ரெண்டு நாளு அவளைத் தூங்க விடக் கூடாதுன்னுட்டான், தூங்குனா முனி கெட்டியாப் பிடிச்சுக்கிருமாம். சும்மாவே தூங்கித் தூங்கி விழுகிறவ. அவளைத் தூங்க விடாம ஆத்தா தொடையிலயே கிள்ளுச்சு. கண்ணுல வெங்காயத்தைப் பிழிஞ்சுச்சு. கிள்ளிக்கிட்டே அழுதுச்சு. அக்கா ஒரு தடவை கூட ஆத்தாவைத் திட்டலை. "ஆத்தா, ஒரே ஒரு கண்ணு மூடிக்கிறேன் ஆத்தா"ன்னு கெஞ்சுனா, அதுவும் ஆத்தா காதுல முனி கெஞ்சுற மாதிரி விழுந்திருக்கும் போல.

வெள்ளிக்கிழமை வாசல் நெறைய ஆளு. அக்காவை ஈரச்சேலையோட மனையில உக்கார வச்சிருந்தான். மூஞ்சி வீங்கிக் கெடந்துச்சு. உடுக்கை அடிக்க அடிக்க அவ தலை ஆடுச்சு. சாமி வந்து ஆடுதுன்னு எல்லாரும் கும்புட்டாங்க. எனக்குத் தெரியும், அது தூங்கி ஆடுற தலை. கண்ணு தெறந்திருக்கு, ஆனா உலக்கை பிடிச்சுக்கிட்டுக் கடலைப் பாத்தாளே, அந்தப் பார்வை.

"யாரு நீ? எந்த வழியா வந்தே? சொல்லு!"ன்னு வேப்பங்குழையால அடிச்சான்.

"சிரிச்சா..."ன்னா அக்கா. நாக்குக் கொழறுச்சு. "சிரிச்சா வருது."

கோடாங்கிக்கு மூஞ்சி மலந்துருச்சு. "சிரிப்பு வழியா வாரியா! என்ன கேக்குறே? சேவல் கேக்குறியா? கெடா கேக்குறியா? எதைக் குடுத்தாப் போவே?"

அக்கா தலையைத் தூக்கி இங்கிட்டும் அங்கிட்டும் தேடுனா. ஒடம்பு ஒரு பக்கமாச் சரியுது.

"தங்கச்சி எங்க? தங்கச்சி எங்க?"

ஆத்தா போட்ட கூச்சல் இருக்கே, அய்யோ. நான் கூட்டத்துல புகுந்து ஓடுனேன். "அக்கா விழப் போறா! தாங்கிக்கத்தான் என்னையக் கூப்புடுறா! என்னைய விடுங்க!"ன்னு கத்துறேன். யாரு கேட்டா? அய்யா என்னைய அப்படியே தூக்கிட்டுப் போயி மாட்டுக்கொட்டகையில எறக்கி, படலைச் சாத்திக் கயித்தால கட்டுனாரு. ஓலைச் சந்து வழியாப் பாத்தேன். அக்கா மனையில இருந்து சரிஞ்சு தரையில மோதுனா. தாங்க ஒரு ஆளு கெடையாது. அத்தனை பேரும் ரெண்டடி பின்னால போயிட்டாங்க.

"அடுத்தது எளையதைக் கேக்குது"ன்னு கோடாங்கி சொல்லிட்டான். அக்கா உச்சி முடியில ஒரு கத்தையை அறுத்து, புளியமரத்துல வச்சு ஆணி அடிச்சான். சிரிப்பை முனிகிட்டயே கட்டிப் போட்டாச்சாம். இனிமே இவ சிரிக்கக் கூடாது. சிரிச்சா ஆணி தளந்து, முனி மூத்ததை விட்டுட்டு எளையது மேல போய் உக்காந்துக்கிருமாம், பலி வாங்காம எந்திரிக்காதாம். சூடத்தைக் கொளுத்தி, அதை அவ கையால அடிச்சு அணைக்கச் சொன்னாங்க. "சிரிக்க மாட்டேன்"னு அடிச்சுச் சத்தியம் பண்ணுனா. உள்ளங்கை கொப்புளிச்சுப் போச்சு.

நான் அவகிட்ட எத்தனையோ தடவை சொன்னேன். "அக்கா, நீ என்னையத் தாங்கிக்கத்தானே கூப்புட்டே? வழக்கமாக் கூப்புடுற மாதிரிதானே?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைடி."

"நீதான்க்கா கூப்புட்டே. எனக்குத் தெரியும்."

"என் வாயிதான். பேசுனது நானான்னு எனக்கே தெரியலையே. உப்பை அள்ளி அள்ளிப் போட்டேனே, அது நானா? அது நானா இல்லாட்டி ஒன்னைய யாரு காப்பாத்துறது?"

தூக்கத்துல பேசுறது யாருன்னு நீங்க யாராவது சொல்லுங்களேன்.

சடங்கு பலிச்சிருச்சுன்னு ஊரே சொன்னுச்சு. அக்கா அதுக்கப்புறம் விழவே இல்லை. சிரிக்காதவ எப்படி விழுவா? கோடாங்கிக்குப் பேரு எட்டுத் தெசையும் பரவிருச்சு. வைக்கப்போர் பக்கம் அவ வாரதே இல்லை. நான் வாயைப் பொளந்து அய்யா மாதிரி நின்னா, எந்திரிச்சுப் போயிருவா. போறப்ப உதட்டைப் பல்லால கடிச்சுக்கிட்டே போவா, ரத்தம் வார அளவுக்கு.

எனக்குத் தாங்கலை. சித்திரையில ஒரு நாள் ஆத்தாவோட பாக்குவெட்டியை மடியில மறைச்சுக்கிட்டுப் புளியமரத்துக்குப் போனேன். நல்ல உச்சி வெயில். பயத்துல மூத்திரம் முட்டுச்சு. பாக்குவெட்டியால ஆணித் தலையைக் கவ்விப் பிடிச்சு, ஆட்டி ஆட்டி, கை தோலு உரிஞ்சு, கடைசியில பிடுங்கிட்டேன். முனி வரலை. ஒரு காக்கா கூட வரலை. அப்படி ஒரு சந்தோசம் எனக்கு. ஆணியையும் முடியையும் எடுத்துக்கிட்டுக் கடலைக்காட்டுல களை வெட்டிக்கிட்டிருந்த அக்காகிட்ட ஓடுனேன்.

"இந்தா பாருக்கா, பிடுங்கிட்டேன்! எனக்கு ஒண்ணும் ஆகலை பாரு! இனிமே சிரிக்கலாம்க்கா, சும்மா சிரி!"

அக்கா மூஞ்சி வெளுத்துப் போச்சு. என் நெத்தியைத் தொட்டா, கழுத்தைத் தொட்டா. காய்ச்சல் அடிக்குதான்னு பாத்தா. வெயில்ல ஓடியாந்த ஒடம்பு, சுடாம என்ன செய்யும்? அவ்வளவுதான். என் கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துக்கிட்டு மரத்துக்கு ஓடுனா. கீழ கெடந்த கல்லை எடுத்து, அதே ஓட்டையில தன் முடியை வச்சு, ஆணியை வச்சு அடிச்சா. அடிக்கிறப்பவும் பாழாப்போன தூக்கம் வருது அவளுக்கு. கண்ணு செருகுது, கல்லு கட்டைவெரல்ல விழுகுது, முழிக்கிறா, திரும்ப அடிக்கிறா. "வேணாங்க்கா, வேணாங்க்கா"ன்னு நான் அழறேன். ஆணித்தலை பட்டைக்குள்ள போற வரைக்கும் அவ நிறுத்தலை. கோடாங்கி அடிச்சது மேலாகத்தான். அவ அடிச்சது யாராலயும் பிடுங்க முடியாத மாதிரி எறங்கிருச்சு. அந்தக் கட்டைவெரல் நகம் அதுக்கப்புறம் கோணலாத்தான் மொளைச்சுச்சு.

வைகாசியில கல்யாணம். நலுங்குல அத்தான் வீட்டுப் பொம்பளைங்க என்னென்னமோ கேலி பண்ணுனாங்க. அத்தான் அவ தலையில அப்பளத்தை ஒடைச்சாரு, ஆடு மாதிரி மென்னு காட்டுனாரு. ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அவ கண்ணைத் தரையில இருந்து எடுக்கலை. "என்னா அடக்கம், என்னா அடக்கம்"னு அத்தைக்குப் பெருமை தாங்கலை. கூட்டத்துல இருந்த எனக்கு மட்டும் அவ கோணல் நகம் உள்ளங்கைக்குள்ள அழுந்துறது தெரிஞ்சுச்சு.

போன எடத்துல அடக்கம் ரொம்ப நாளு அடக்கமா இருக்கலை. சிடுமூஞ்சின்னு ஆச்சு. அவளுக்குப் பிள்ளை பொறந்துச்சு. அது பொக்கை வாயைக் காட்டி மழலை பேசுறப்ப, பக்கத்துல இருக்கிறவங்க கையில குடுத்துட்டுக் கொல்லைப் பக்கம் போயிருவாளாம். கல்லு மனசுக்காரின்னாங்க. அத்தான் பாவம், ரொம்ப வருசம் முயற்சி பண்ணுனாரு. அப்புறம் அவரும் பேசுறதை நிறுத்திட்டாரு. அவரு சாகுறதுக்கு முந்தி நான் பாக்கப் போயிருந்தேன். "ஒங்க அக்காளுக்கு என்னையப் புடிக்கலை புள்ள. ஒரு நாளு கூட என்னையப் பாத்துச் சிரிச்சதில்லை"ன்னாரு. உள்ளதைச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். கட்டிலுக்குப் பின்னால நின்ன அக்கா தலையை ஆட்டி வேணாம்னா. சத்தியம் அவளோடது, நான் யாரு ஒடைக்க?

நான் வளந்து, நாலெழுத்துப் படிச்சு, முனியும் இல்லை கினியும் இல்லைன்னு தெளிஞ்ச பெறகு அவகிட்டச் சண்டை போட்டிருக்கேன். அந்தப் புளியமரத்தையே ரோடு போட வெட்டிட்டாங்க, இன்னும் எதுக்கு நீ இப்படி இருக்கேன்னு கேட்டேன்.

"நீ நல்லா இருக்கேல்ல?"ன்னா.

"இருக்கேன். அதுக்கு?"

"அப்ப ஆணி வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்."

அவ போயி மூணு நாலு வருசம் ஆச்சு. தூக்கத்துலயே போனா. கொடுத்து வச்சவ, நல்ல சாவுன்னு அங்க வந்த நம்ம வயசுக்காரங்க எல்லாம் சொன்னீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு.

இப்ப எதுக்கு இதையெல்லாம் கிளர்றேன்னா, போன மாசம் எங்க பேத்தி காலேஜில கூட்டாளிகளோட சிரிச்சுக்கிட்டு நின்னவ தொப்புன்னு விழுந்துட்டா. வகுப்புல தூங்குறான்னு ஏற்கெனவே புகாரு. மகன் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போனான், நானும் அடம் பிடிச்சுப் போனேன். டாக்டரு சின்ன வயசுப் பொண்ணு. எல்லாத்தையும் கேட்டுச்சு. சிரிச்சா விழுறியா, விழுந்தாலும் காது கேக்குதா, தூங்கப் போறப்ப யாரோ நிக்கிற மாதிரித் தெரியுதா, நெஞ்சை அமுக்குதா. கூட இருந்து பாத்த மாதிரி கேட்டுச்சு. மூளையில தூக்கத்தையும் முழிப்பையும் பிரிச்சு வைக்கிற எடத்துல கோளாறாம். முழிச்சிருக்கும்போதே கனவு உள்ள வந்துருமாம். அதுக்கு ஒரு பேரு கூடச் சொன்னுச்சு, இங்கிலீசுப் பேரு.

"ஒங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்த மாதிரி இருந்துச்சாம்மா?"

"எங்க அக்காவுக்கு."

"அப்படியா? மருந்து மாத்திரை இல்லாத காலமாச்சே. அவங்க எப்படிச் சமாளிச்சாங்க?"

"சிரிக்காம."

அந்தப் பொண்ணு எழுதுறதை நிறுத்திட்டு என்னையப் பாத்துச்சு. அப்புறம் மகன் பக்கம் திரும்பி, பயப்பட ஒண்ணுமில்லைன்னுச்சு. மாத்திரை தர்றேன், மத்தியானம் கொஞ்ச நேரம் தூங்க விடுங்க, சிரிக்க வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க, நல்லாச் சிரிக்கட்டும், அந்த நேரத்துல தாங்கிப் பிடிக்கப் பக்கத்துல ஒரு ஆள் இருந்தாப் போதும்னுச்சு.

ஒரு ஆள் இருந்தாப் போதுமாம். அந்த ஆள் அன்னைக்கு மாட்டுக்கொட்டகையில படலைப் பிடிச்சு உலுக்கிக்கிட்டு நின்னா. அத்தனை பேருக்கு நடுவுல அக்கா அவளைத்தான் கூப்புட்டா.